வார்டு செக்ரட்டரிக்கு மாமி எழுதியது

திருவனந்தபுரம்
5.8.1995

என் அண்ணன் மகன் யோசுவாவுக்கு எலிசாள் மாமி எழுதுவது. கர்த்தர் கிருபையில் முட்டுவலியைத் தவிர எல்லாம் சுகம். நேரில் வந்தால் காப்பி தந்து என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கார்ப்பரேஷன் தேர்தலுக்கு நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கட்சி சார்பில் யார் நிற்பது என்று பதின்மூன்றாம் தேதி நாற்பது மெம்பர்களும் ஓட்டுப் போடப்போகிறோம். என் மருமகள் ஜெயஷீலாவும் டியூஷன் எடுக்கிற சுமியும் சீட் கேட்கிறார்கள். இதற்குள் கட்சியின் வார்டு செக்ரட்டரியாகிய நீ, "கமிட்டியின் விருப்பம் ஜெயஷீலா" என்று சீல் வைத்து வீட்டுக்கு வீடு காகிதம் கொடுத்திருக்கிறாய். எனக்கும் ஒன்று வந்தது. என் வீட்டுப் பெண்ணுக்கு ஓட்டுப் போட எனக்கே உத்தரவா?

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் கேட்கிறாள், "யக்கா, சுமிக்குப் போட்டா என் பென்ஷன் பேப்பர்ல செக்ரட்டரி ஒப்பு போடுவாரா?" என்று. உன் கையெழுத்துக்கு இப்படி ஒரு பயமா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொள்.

எலிசாள்

7.8.1995

பிரியமுள்ள மாமிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரியவில்லை. தெருக்குழாய்க்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது ஜெயஷீலா. சுமி கட்சியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஆனால் மெம்பர்களில் பாதி அவளுக்குச் சொந்தக்காரர்கள். யார் உழைத்தார்கள் என்று தெரிந்த நிர்வாகிகள் வாயை மூடிக்கொண்டால் சொந்தபந்தம்தான் ஜெயிக்கும். இப்படிச் செய்யக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அஞ்சாம் கிளாஸ் படித்த மாமி எனக்கு விதி சொல்லித்தர வேண்டாம். காகிதத்தைத் திரும்ப வாங்கினால் ஜெயஷீலா தோற்பாள். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

யோசுவா

10.8.1995

யோசுவாவுக்கு,

அஞ்சாம் கிளாஸில் நான்தான் முதல். விதிப்புத்தகத்தை முழுக்க வாசித்தேன். நீ சொன்னது சரி, செக்ரட்டரி பேசக்கூடாது என்று அதில் இல்லை. பேசு. கூட்டத்தில் எல்லாரையும்போல் எழுந்து நின்று குழாய்க் கதையைச் சொல். சுமியும் பதில் சொல்லட்டும். ரேஷன் கார்டுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் உன் கையெழுத்தை நம்பி இருக்கிறவர்கள் வாசலில் சீலோடு போய் நிற்பது பேச்சு இல்லை, மிரட்டல்.

நீ வாங்கமாட்டாய் என்று நானே போனேன். இரண்டு நாள், முப்பத்தொரு வீடு. "ஓட்டு உங்க இஷ்டம். ஒப்புக்குத் தடங்கல் வந்தா நான் கூட வாறேன். பேப்பரைத் தாருங்கோ" என்றேன். உச்சிமாகாளி அண்ணாச்சி சிரிக்கிறார்: "மருமவளத் தோக்கடிக்க வீடு வீடா ஏறுத மாமியார இப்பத்தாம்மா பாக்கேன்!"

முப்பத்தொன்றும் இத்துடன் இருக்கிறது. ஓட்டுப்பெட்டிப் பக்கம் நிற்காதே. நின்றால் நடுவில் நாற்காலி போட்டு நான் உட்காருவேன்.

எலிசாள்

14.8.1995

யோசுவாவுக்கு,

நேற்று ஓட்டுப் போடும்போது நீ ஹாலுக்கு வெளியே நின்றாய். அதற்கு நன்றி. சுமிக்கு இருபத்திரண்டு, ஜெயஷீலாவுக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டில் நானும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஜெயஷீலா, "உங்களாலதான் மாமி" என்றாள். ஆமாம் என்றேன். அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. இன்று காலை சோறு வடிக்கும்போது அவளே கேட்டாள்: "மாமி, அந்தப் பதினெட்டும் எனக்குன்னு போட்டதுதானே? ஒருத்தரும் பயந்து போடலியே?"

"ஒருத்தரும் இல்ல மக்களே" என்றேன்.

சாயங்காலம் சுமியோடு நோட்டீஸ் கொடுக்கப் போய்விட்டாள்.

கூட்டம் முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் என்னை, "சொந்த வீட்டைக் கெடுத்த கிழவி" என்றாயே, அது இருக்கட்டும். அடுத்த மாதம் வார்டு செக்ரட்டரிக்கும் ஓட்டு வருகிறது. உனக்கு எதிராக நான் நிற்கிறேன். வேறு யார் வாயிலிருந்தும் நீ இதைக் கேட்கக்கூடாது என்று முதலில் உனக்கு எழுதுகிறேன். ஓட்டுக் கேட்டு உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்.

நான் ஜெயித்தால், கையெழுத்து வேண்டுமென்றால் நீயும் தாராளமாக வரலாம். யாருக்குப் போட்டாய் என்று கேட்கமாட்டேன்.

உன் மாமி
எலிசாள்