இரண்டு தட்டு குறைந்த பாட்டு

செப்டம்பர் 3, 1969. கிரீன்வில்

பதினெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும். இந்த நோட்டிலாவது எழுதிவைக்கிறேன்.

நான் இசை சொல்லித்தரும் பள்ளிக்கு வரும் பத்திரிகையில் செய்தி. இங்கிலாந்து ராக் குழு ஒன்று யூலிஸ் டார்வரின் ‘ஆத்தோட போன வீடு’ புளூஸ் பாட்டைப் பாடி ஓகோவென்று விற்கிறதாம். அவர்கள் ரெக்கார்டு உறையில் ‘பழம்பாடல், ஆக்கியவர் தெரியவில்லை.’ தெரிந்தவர்கள் மாதக் கடைசிக்குள் சான்றோடு எழுதினால் மறுபதிப்பில் பெயர் போடுவார்களாம்.

எனக்குத் தெரியும். 1951இல் பதிவுக்காக மெம்பிஸ் போகும் வழியில், காரிலேயே அவன் அதைக் கட்டினான். அவனுக்கு எழுத வராது. அவன் சொல்லச் சொல்ல, முந்தைய நாள் சர்ச் ஆராதனை நிரல் தாளின் பின்பக்கத்தில் எழுதியவன் நான். உடன் வந்த இருவரும் இறந்துவிட்டார்கள். அந்த ரெக்கார்டில் பியானோ வாசித்ததும் நான்தான். காதை வைத்துக் கேட்டாலும் கேட்காது. என் பெயரும் கிடையாது.

நான் ஏன் எழுத வேண்டும்?

செப்டம்பர் 6

எழுதவில்லை.

செப்டம்பர் 9

என் மனைவி வெர்டெல் அந்த ராக் ரெக்கார்டை வாங்கிவந்தாள். “கேட்டுட்டுத் திட்டுங்க.”

கேட்டேன். யூலிஸ் பாடும்போதும் வாயில் புகையிலை அதக்குவான். ஒவ்வொரு மூன்றாம் வரியிலும் துப்புவதற்காகத் தாளத்தில் இரண்டு தட்டை விழுங்கிவிடுவான். “தாளம் உதைக்குதுடா” என்று பதிவு நாளில் கத்தினேன். “வாய் ரொம்பிடுச்சு வாத்தியாரே, தாளம் வந்து துப்புமா?” என்றான். எங்கள் பழைய ரெக்கார்டின் கடைசியில் எச்சில் காபி டப்பாவில் விழுந்த ‘டிங்’ கூடப் பதிவாகியிருக்கிறது.

இந்த இங்கிலாந்துக்காரர்கள் அந்த இரண்டு தட்டையும் பயபக்தியோடு விட்டிருக்கிறார்கள். டிங் வரும் இடத்தில் டிரம்காரன் சிம்பல் தகட்டை மெல்லத் தொடுகிறான். எச்சிலுக்கு இத்தனை மரியாதை. நான் சிரித்தேன். வெர்டெல் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

பழம்பாடலாம். துப்புவதற்கு இடம் விட்ட பழம்பாடல் எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச் விருந்தில் யூலிஸ் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தான். இப்போது எண்ணெய் ஆலையில் தரை கூட்டுகிறான். நேராகவே கேட்டேன், அந்த ரெக்கார்டில் என் பியானோ எங்கே என்று.

“நான்தான் கம்மி பண்ணச் சொன்னேன். அங்க வீடு ஆத்தோட போவுது, நீ கல்யாணத்துக்கு வாசிக்கற மாதிரி வாசிச்சே.”

மன்னிப்பா? ஒரு மீன் துண்டை நீட்டினான், அவ்வளவுதான்.

“அது யார் பாட்டுன்னு கேக்கறாங்க” என்றேன்.

கரண்டி நின்றது. “போனது எங்கம்மா வீடு. வேற யார் பாட்டு?” பிறகு மெதுவாக, “நான் சொன்னா எவன் நம்புவான், வாத்தியாரே?”

வீட்டுக்கு வந்து பழைய ரெக்கார்டைப் போட்டேன். பியானோவைப் பற்றி அவன் சொன்னது சரி. பாழாய்ப்போனவன்.

செப்டம்பர் 20

கடிதம் முடிந்தது. அன்று காரில் பாட்டை எழுதிய நிரல் தாளும் அடித்தல் திருத்தலோடு உள்ளே. அதில் தேதி அச்சாகியிருக்கிறது. அவன் துப்பும் சத்தத்துக்குப் பழைய ரெக்கார்டை எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்றும் எழுதிவிட்டேன்.

“கையெழுத்து?” என்றாள் வெர்டெல்.

போட்டால் பியானோக்காரன் பங்குக்கு வருகிறான் என்பார்கள். அதைவிட மோசம், யூலிஸ் வீடு தேடி வந்து நன்றி சொல்வான். அதைத் தாங்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை, பெயர் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.