வளையாத ஒரு ஜோடி

நேற்று மாலை உன் தம்பி ஆம்பூரிலிருந்து வந்து ஓர் அட்டைப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தான். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க உன் வாசனை. புதுத் தோலும் பசையும் மெழுகும் கலந்த அந்தத் தொழிற்சாலை நெடி. எத்தனை முறை துவைத்தாலும் உன் துப்பட்டாவை விட்டுப் போகாதது. சத்துவாச்சாரியில் இந்த நேரத்தில் காற்றுக்காக எல்லா ஜன்னலையும் திறந்து வைப்போம். நான் எழுந்து போய் ஒவ்வொன்றாகச் சாத்தினேன். இப்படியெல்லாம் செய்கிறவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பெட்டியில் இருந்தது பனிமலைக்கான ஒரு ஜோடி பூட்ஸ். உன் தம்பி ஒன்றை எடுத்து, உங்கள் ஊர்க்காரர்கள் எந்தக் காலணியைக் கண்டாலும் செய்வதைச் செய்தான். முனையை ஒரு கையிலும் குதிகாலை மறு கையிலும் பிடித்து வளைத்துப் பார்த்தான். வளையவில்லை. தொடையில் வைத்து அழுத்தினான். அப்போதும் அசையவில்லை. பாவம், அக்காவான உன்னை 'ஆப்பா, ஆப்பா' என்றே சுற்றி வந்தவன், அவன் முகம் சுருங்கிவிட்டது.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். ஆப்பா உடம்பு முடியாதப்போ பண்ணது. டிஃபெக்ட் பீஸ் போல கீது. கட்டை மாதிரி கீது, பாருங்க. வேணாம்னா எடுத்துனு போய்டறேன்."

"இருக்கட்டும்பா. வெச்சிட்டுப் போ."

"ஆப்பாவுக்கு இந்த மாதிரி பீஸ் வெளிய போனா புடிக்காது மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு உன்னை நினைத்து வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். உடனுக்குடன் விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

நாம் இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்து வேதியியல் படித்தவர்கள். நான் காட்பாடிப் பக்கம் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனேன். நீ ஆம்பூரில் ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே தலைவியானாய். உன் பிரிவில் நீயே கொண்டுவந்த ஒரு சட்டம் இருந்தது. சரி என்று தேர்ச்சி கொடுத்த ஜோடி பிறகு தப்பாகப் போனால், தேர்ச்சி கொடுத்தவர் அன்று முழுவதும் அதைக் காலில் போட்டுக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். ஒருமுறை நான் உன்னைப் பார்க்க வந்தபோது, தலைவியம்மாவே ஒரு காலில் உயரமும் ஒரு காலில் குட்டையுமாக விந்தி விந்தி நடந்து வந்தாய். பின்னால் உன் பிரிவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சிரிங்கடி, நாளைக்கு உங்களுக்கும் வரும்" என்று நீயும் சிரித்தாய்.

நமக்கு நாற்பத்தைந்து ஆனபோது ஒருநாள் தொலைபேசியில் சொன்னாய்: "மலை ஏறப் போறோம்."

"போறோம்னா?"

"நானும் நீயும்."

"ஏலகிரிக்கா?"

"லடாக்குக்குடி. ஆறாயிரம் மீட்டர். பனி. கைடு இருக்கான், கூட்டிட்டுப் போவான்."

வழிகாட்டி வைத்து மலை ஏறுவதைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. ஆளைக் கயிற்றில் கட்டி உச்சிவரை இழுத்துப் போய், படம் எடுத்து, திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டிரைவிங் கத்துக்கறப்போ பக்கத்துல ஒருத்தன் உக்காந்துனு இருந்தான் இல்ல? அப்போ ஓட்டினது யாரு, அவனா?"

அந்தக் கோடையில் ஞாயிறுதோறும் வேலூரின் மொட்டைப் பாறை மலைகளில் ஏறிப் பழகினோம். பனிக்குப் பழக அக்கினி வெயில். முதுகுப்பையில் பாரம் வேண்டுமே என்று உன் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரப்பர் சோல்களை நிரப்பிக்கொண்டு வந்தாய். ஆடு மேய்க்கும் ஒருவர் வாராவாரம் நம்மைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மேல இன்னாமா கீது? மூட்டை தூக்கினு போறீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"அப்போ எதுக்கு ஏறிக்கினு?"

"ஒண்ணும் இல்லன்னு எப்படித் தெரியும்? பாத்துட்டு வந்துதான சொல்றேன்" என்றாய் நீ. அவர் ஆட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஆடும் நம்மைப் பார்த்தது.

வாடகைக்குக் கிடைக்கும் கனமான பிளாஸ்டிக் பூட்ஸை நீ ஏற்கவில்லை. "அடுத்தவன் வேர்வையில நான் காலு வெக்க மாட்டேன். ஆம்பூர்ல பொறந்துட்டு வாடகை பூட்ஸா?" நம் இருவருக்கும் ஒரே அளவு, ஐந்து. ஒரே மர அச்சில் இரண்டு ஜோடி செய்தாய். கொண்டுவந்து என் முன்னால் முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துக் காட்டினாய். ரொட்டி மாதிரி மடிந்தது. பனியில் நிற்க இத்தனை மடிய வேண்டுமா என்று கேட்டேன். "நீ பாடம் நடத்து. பூட்ஸை நான் பாத்துக்கறேன்" என்றாய். சரிதானே. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வரும் வியாபாரிகள் வளைத்துப் பார்த்து முகம் மலர்ந்த காலணிகளைத்தான் நீ வாழ்நாள் முழுக்கச் செய்திருந்தாய்.

அடிமுகாம்வரை உன் பூட்ஸ் ராணியாக இருந்தது. குழுவில் மற்றவர்களுக்குக் கால் கொப்புளித்தது. நமக்கு ஒரு கீறல் இல்லை. நீ எல்லோருடைய பாதத்தையும் பார்த்து "த்சொ த்சொ" கொட்டிக்கொண்டு போனாய். மாலையில் கூடாரத்துக்கு வெளியே தொழுகை விரிப்பைப் போட்டு, "மேற்கு எது?" என்று என்னைக் கேட்பாய். நான் தொலைபேசியில் பார்த்துக் கையைக் காட்டுவேன். "கடவுள் இல்லைன்றே, திசை மட்டும் கரெக்டா சொல்றே" என்பாய்.

அடுத்த நாள் பனிச்சரிவில் பயிற்சி. பனியைப் பிடிக்க பூட்ஸின் அடியில் இரும்புப் பற்கள் வைத்த சட்டத்தை வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் எனக்குக் கழன்றது. பிறகு உனக்கு. இறுக்கிக் கட்டினோம், ஏறும்போது மறுபடி கழன்றது. வழிகாட்டி இறங்கி வந்தார். லடாக்காரர், நம் வயதுதான் இருக்கும். நீ அவரை பாய் சாப் என்று கூப்பிடுவாய். அவர் உன் பூட்ஸை வாங்கி, முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆம்பூரில் பார்த்த அதே கை அசைவு. ஆனால் அங்கே மலரும் முகம் இங்கே இருண்டது.

செங்குத்தான பனியில் முன்பற்களை ஊன்றி நிற்கும்போது அடிப்பாகம் பலகையாக நிற்க வேண்டும். நம்முடையது மடிந்தது, மடிந்தபோது வார் தளர்ந்தது. மேலே போய்க் கழன்றால் ஆள் போய்விடும். இந்த பூட்ஸ் மேலே வராது என்றார். நீ அதைத் திரும்ப வாங்கி, நீயும் ஒருமுறை வளைத்துப் பார்த்தாய். பிறகு என்னிடம் திரும்பி, "ஃபெயில் பண்ணிட்டாருடி" என்றாய். "நான் எதை நல்லதுன்னு பண்ணேனோ அதுக்கே ஃபெயில்."

முகாம் மூட்டைகளில் தேடியதில் ஐந்தாம் அளவில் ஒரே ஒரு ஜோடி பிளாஸ்டிக் பூட்ஸ் கிடைத்தது. கீழேயிருந்து இன்னொன்று வரவழைக்க வானிலை இடம் தரவில்லை. நம்மில் ஒருத்திதான் மேலே போக முடியும்.

இது யாருடைய ஆசை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் உனக்குத் துணையாக வந்தவள். அவர் அந்த ஜோடியைக் கொண்டுவந்து நம் கூடாரத்து வாசலில் உட்கார்ந்தார். நீங்கள் இருவரும் உன் உருதுவிலும் அவர் இந்தியிலுமாக நெடுநேரம் பேசினீர்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவர் இரண்டு முறை கையால் உன்னைக் காட்டினார். அதையும் பார்த்தேன். கடைசியில் நீ திரும்பி, "உன்னைத்தான் போகச் சொல்றார்" என்றாய்.

"என்னையா? எதுக்கு?"

"எனக்கு மூச்சு ஜாஸ்தி வாங்குதாம். கைடு சொன்னா சொன்னதுதான். பேஜார் பண்ணாம போட்டுப் பாரு."

வழிகாட்டியின் சொல்லே முடிவு என்பது முதல் நாளே அங்கே எல்லோரிடமும் சொல்லப்பட்டது. எதையும் ஆதாரம் கேட்காமல் நம்பாதவள் என்று பெயர் வாங்கிய நான் உன் மொழிபெயர்ப்பை அப்படியே நம்பினேன்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஓர் அடி, இரண்டு மூச்சு, மறுபடி ஓர் அடி. கயிறு என்னை இழுக்கும் என்று நினைத்திருந்தேன். அது தளர்ந்தே கிடந்தது. அவர் முன்னால் நடந்தார், என் காலை நான்தான் தூக்க வேண்டியிருந்தது. டிரைவிங் பற்றி நீ சொன்னது சரி என்று வழியிலேயே ஒப்புக்கொண்டேன். வெயில் ஏறியபோது இதற்கு மேல் ஏற இடமில்லை என்று ஓர் இடம் வந்தது. சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை.

அங்கே வைத்து வழிகாட்டி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். உங்கள் தோழிக்கு உங்களைவிட நல்ல மூச்சு. நான் அவரைத்தான் வரச் சொன்னேன். அவர்தான் உங்களைக் கூட்டிப் போகச் சொன்னார்.

எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்தோடுதான் இறங்கினேன். முகாமுக்கு வெளியே நீ நின்றிருந்தாய், தோற்றுப்போன உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு. என் முகத்தைப் பார்க்காமல் முதலில் "கால் காட்டு" என்றாய். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சிவப்பாக இருப்பது தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தாய்.

"அவர் இன்னா சொன்னார்னு இப்போ உண்மையைச் சொல்லு."

"டிரான்ஸ்லேஷன்ல கொஞ்சம் கம்மி ஜாஸ்தி ஆகும்."

"விளையாடாதே."

"சரி கேளு. தேர்ச்சி குடுத்தது நான். தப்பான ஜோடியை நான்தான் போட்டுக்கணும். எங்க ஃப்ளோர்ல மட்டும் சட்டம், இங்க வந்தா இல்லையா?" சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "அதுவும் இல்லாம, நான் மேல போய்ட்டா நீ நிம்மதியா வேலூர்ல உக்காந்துடுவே. இனிமே மலைப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டே. இப்போ உனக்கு வழி தெரியும். அடுத்த தடவை நீ என்னைக் கூட்டிட்டு வந்துதான் ஆகணும். மாட்டிக்கினியா?"

கீழிறங்கும் வழி முழுக்க அந்த மெத்தென்ற பூட்ஸில் நீதான் சுகமாக நடந்தாய். பிளாஸ்டிக் பூட்ஸ் கடித்த கொப்புளம் எனக்கு.

ஆம்பூர் திரும்பியதும் உன் ஜோடியை நடுவில் அறுத்துப் பார்த்து, முதலிலிருந்து தொடங்கினாய். குதிகாலிலிருந்து முனைவரை ஓர் எஃகுத் தகடு. வளையாத காலணி செய்வதற்கு, இருபது வருடமாகக் கற்றதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது என்று சொல்வாய். மாதிரிமேல் மாதிரியாகக் கழித்தாய். நடுவில் நோய் வந்தது. மருத்துவமனைப் படுக்கையில்கூட, "போன பீஸ் இன்னும் ஒரு நூல் மடங்குதுடி" என்று கவலைப்பட்டாய். அது எங்கே வந்து நின்றது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

நேற்று உன் தம்பி போன பிறகு அதைக் காலில் போட்டுக்கொண்டேன். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, முழு உடம்பு எடையையும் கொடுத்து நின்றேன். குதிகால் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இறங்கி வந்து மறுபடி ஏறி நின்றேன். கீழ் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், எதனா தொலைஞ்சி போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு நம்பிக்கை வர வழக்கமாக நேரம் பிடிக்கும். இதற்குப் பிடிக்கவில்லை.

உன் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன், அது டிஃபெக்ட் இல்லை, அவனுடைய ஆப்பா இதுவரை செய்ததிலேயே சரியான ஜோடி என்று. அவன் நம்பவில்லை. குழம்பட்டும், திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கோடையில் போகிறேன். அதே மலை, அதே வழிகாட்டி. பயிற்சி நாளில் அவர் கையில் இதைக் கொடுப்பேன். அவர் முனையையும் குதிகாலையும் பிடித்து வளைக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும், உனக்காக. அதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை. ஒருவேளை தேர்ச்சி பெறாவிட்டாலும் நேற்று படியில் நின்று சரி என்று சொன்னவள் நான். போட்டுக்கொண்டு இறங்குவேன்.

இன்று காலை ஏற்பாட்டாளர் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் பேசினார். வாடகை பூட்ஸ் வேண்டுமா என்று கேட்டார். என்னிடம் சொந்தமாக இருக்கிறது, ஆனாலும் ஐந்தாம் அளவில் ஒரு ஜோடி முகாமுக்கு வர வேண்டும் என்றேன்.

"நீங்க ஒருத்தர்தானே மேடம் வர்றீங்க? அது யாருக்கு?"

"தெரியல. யாருக்காவது அங்க வேண்டியிருக்கும்" என்றேன்.