கிழக்குத் தட்டு, மேற்குத் தட்டு

மதினி,

இன்று காலை வெள்ளையடிக்க வந்தவர், "ஆத்தா, சுவத்து ஓட்டையில பிசின் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கு. கொசுத்தேனீ. அடைச்சிரவா?" என்று கேட்டார். "வேணாம், விட்டுரு" என்று சொன்ன கையோடு உங்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பூச்சிக்கு என்னைக் காவல் வைக்கிறீர்கள்.

ஐம்பதுகளில் போடிமெட்டுக்குக் கீழே, ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அண்ணனும் நீங்களும் நானும் இருந்தோம். என்னைப் பெண் பார்க்கத் தேவாரம் ஊர்க்காரர்கள் போடியில் அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. தோட்டத்து ஜீப்பில் நாம் இறங்கியாக வேண்டும். நான் பட்டுச் சேலை கட்டி நிற்கிறேன். நீங்கள் ஏலக்காய் தட்டிப் போட்ட கருப்பட்டிப் பாகை இரண்டு தட்டில் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்!

லயத்துச் சுவரில் குடியிருந்த அந்தக் கொட்டாத பூச்சிகள், தீனி இருக்கும் இடத்தைத் தம் கூட்டத்துக்கு எப்படிச் சொல்கின்றன என்பது பல மாதமாக உங்கள் கவலை. கூட்டுக்குக் கிழக்கே ஒரு தட்டு, மேற்கே அதே தூரத்தில் இன்னொன்று. கிழக்கே குடித்த பூச்சிக்குக் கோழி இறகால் மஞ்சள் தொட்டு வைத்தீர்கள். அது கூட்டுக்குள் போனதும் சுவரில் காதை வைத்து, "உள்ள போயி எல்லாத்தையும் இடிச்சு இரையுது, புள்ள!" என்று கூவினீர்கள்.

"மதினி, ஜீப்பு போயிரும்."

"சித்த இரு. திக்குச் சொல்லுச்சுன்னா புதுசா வர்றது எல்லாம் ஏந்தட்டுக்குத்தான் வரும். சொல்லலைன்னா வாசத்தை மோந்துக்கிட்டு ஒந்தட்டுக்கும் வரும். நீ மேற்க உக்காந்து பாரு. மஞ்சள் இருந்தா அது பழைய ஆளு, சேத்துக்காத."

கீழே ஜீப்பு உறுமியது. என் தட்டில் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மஞ்சள் இருக்கா?"

"இல்ல!"

"அப்ப திக்குத் தெரியல! தீனி இருக்குன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கு!"

நீங்கள் குதித்துக்கொண்டிருந்தீர்கள். ஜீப்பு வளைவைத் தாண்டிவிட்டது.

நடந்தே போடிக்கு இறங்கினோம். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று நினைத்து அவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள். நான் அழுது தீர்த்தேன். மறுநாளே நீங்கள் தனியாகப் பஸ்ஸேறித் தேவாரம் போய், "அவ மேல தப்பில்ல, பூச்சி பாக்க நாந்தான் உக்கார வச்சேன்" என்று சொன்னீர்களாம். கிறுக்குப் பிடித்த குடும்பம் என்று கதவைச் சாத்தினார்களாம். திரும்பி வந்து என்னிடம் என்ன சொன்னீர்கள்? "போறான் விடு. விசயம் தெரிஞ்சுபோச்சுல்ல?"

அதற்கு அடுத்த வருஷம் சிலமலையில் வாழ்க்கைப்பட்டு, நன்றாகவே இருந்தேன். ஆனால் விசேஷ வீடுகளிலெல்லாம் என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, "எங்க நாத்தனா கண்ணால பாத்தா, கேளுங்க!" என்பீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

நான் பார்க்கவில்லை, மதினி. என் கண் ரோட்டில் இருந்தது. அந்தப் பூச்சியின் முதுகில் மஞ்சள் இருந்ததா இல்லையா, சத்தியமாக எனக்குத் தெரியாது. சொல்லலாமென்று வாயெடுக்கும்போதெல்லாம் பழைய கோபம் முந்திக்கொண்டது. உங்களை எத்தனையோ தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். சொல்லாமல் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான்.