நீங்கள் சொல்லாத வாக்கியம்

இன்று பிற்பகல் வால்பாறையிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. யானை மிதித்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் சாவு. சூடாகச் சுருண்டு விழுந்த தாளின் மருந்து வாடையோடு கடைசி வரியைப் படித்தேன்: ‘மனைவி பேட்டி, வழக்கம்போல் சேர்த்துக்கொள்ளவும்.’ தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க முடியாது. உங்களுக்கு எழுத்து தெரியாது என்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

உங்கள் மகள் செல்வியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போன மறுநாள், எங்கள் வால்பாறை நிருபர் டெலிபோன் பூத்திலிருந்து பேசினார். கோவை அலுவலகத்தில் செய்தியை எழுதுவது என் வேலை. வனச்சரகர் சொன்னது, தோட்ட மேலாளர் சொன்னது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, “அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அது மயங்கிக் கெடக்குதுங்க. வாயே தொறக்கல. நீங்க எப்பவும் போல போட்டுக்குங்க.”

அந்த ‘எப்பவும் போல’ என்ன என்று உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். காட்டு விலங்கு அடித்துச் செத்தவர் வீட்டில் பேசுகிற நிலையில் யாரும் இருப்பதில்லை. வனச்சரகர் பேசுவார். மேலாளர் பேசுவார். டீக்கடையில் நிற்பவர் பார்க்காததையும் பார்த்ததாகப் பேசுவார். அழ வேண்டியவர் மட்டும் பேசமாட்டார். அந்த இடத்தை நாங்கள் மேசையில் உட்கார்ந்து நிரப்புவோம். பெற்றவள் வேறென்ன சொல்லியிருக்கப் போகிறாள் என்பது எங்கள் நியாயம். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று முதலில் நான் நிரப்பாமல்தான் கொடுத்தேன். எங்கள் தலைமை உதவியாசிரியர் தாளைத் திருப்பி நீட்டினார். “ஏனுங்க அம்மணி, இது வனத்துறைக்கு அனுப்பற அறிக்கையாட்ட இருக்குது. பெத்தவ ஒரு வார்த்தை பேசுனாத்தானே படிக்கறவன் டீ டம்ளரக் கீழ வெப்பான்?” பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மலைக்குப் போகும் பதிப்பு ஆறு மணிக்கு முடிய வேண்டும். எழுதினேன்: ‘அடுப்பில் வேலையாக இருந்தேன். கொஞ்ச நேரம் வெளியே போய் விளையாடு என்றேன். நானே அனுப்பிவிட்டேனே என்று தாய் கதறியது கல்லையும் கரைப்பதாக இருந்தது.’ அந்த ‘நானே’ நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

ஒன்றரை வருடம் கழித்து ஏதோ வேலையாக அலுவலகம் வந்த நிருபர், தேநீர் குடித்தபடி சொன்னார். “அந்தச் சிறுத்தைப் புள்ளையோட அம்மாவப் புருசன் உட்டுப்போட்டுப் போயிட்டானுங்க. நம்ம பேப்பரக் கையில வெச்சுக்கிட்டுத்தான் அவிய சனமெல்லாம் பேசுனாங்களாம். அவளே சொல்லியிருக்கறாள்ல, அப்பறம் என்னன்னு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உங்கள் குடியிருப்பு வரிசையில் என்னை முதலில் மறித்தது பக்கத்து வீட்டு அக்காதான்.

“பேப்பர்லிருந்தா? இன்னும் என்னத்தப் போடறதுக்கு வந்தீங்க? அன்னிக்கு இவ ஊட்லயே இல்லீங்க. எலை எடை போடற எடத்துல மூட்டையோட எம் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. புள்ளைய அதோட அப்பன்தான் பாத்துக்கிட்டிருந்தான். அடுப்புல வேலையாம்! எந்த அடுப்புங்க?”

நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டுப் பாலில்லாத தேநீர் கொடுத்தீர்கள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. “அது நீங்க சொன்னதில்லீங்க. நான் எழுதினது. கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு நானே எழுதினது” என்றேன்.

எனக்காக இரக்கப்படுவதுபோல் பார்த்தீர்கள். “இல்லீங்க்கா. நாந்தான் போகச் சொன்னேன். அடுப்புல வேலையா இருந்தனுங்க. கொஞ்ச நேரம் வெளிய போயி வெளையாடு கண்ணுன்னேன். நானே அனுப்பிச்சுப்போட்டனே.”

என் வாக்கியம் அப்படியே வந்தது. ‘கண்ணு’ மட்டும் நான் எழுதாதது.

“ஏம் புள்ள, நீ எங்கூட நின்னியே!” என்று அக்கா உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எத்தன பேரு எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. பேப்பர்ல பொய்யா போடுவாங்க?” என்றீர்கள். பிறகு, தேநீர் ஆறிவிடும், குடியுங்கள் என்றீர்கள்.

திரும்பி வந்து ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். “ஒண்ணரை வருசம் கழிச்சுங்களா? யாருக்குங்க இப்ப அது ஞாபகம் இருக்குது?” என்றார் தலைமை உதவியாசிரியர். ஒருவருக்கு இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சண்டை போடவில்லை, வேலையை விடவில்லை. இன்னொரு முறை மலையேறி உங்களைப் பார்க்கவும் இல்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாக நிருபர் சொன்னார். வேறு செய்திகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்கும் முன் சொன்னார். அது செய்தி இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் ‘குடும்பத்தினர் பேசும் நிலையில் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கிறேன். சில நாள் அச்சில் வருகிறது, சில நாள் வெட்டிவிடுகிறார்கள். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்தச் சாயங்காலம் நீங்கள் எடை போடும் இடத்தில், முதுகில் இலை மூட்டையோடு, உங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தீர்கள். வீட்டில் இல்லை. யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. இது எனக்குத் தெரியும், அந்த அக்காவுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.