உன் தம்பியும் என் தம்பியும்

என் அம்மாவுக்கு,

"கோவமா இருக்கியா? மொதல்ல சாப்புட்டு வா, அப்புறம் பேசு" என்பாய். சாப்பிட்டுவிட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

செத்தவர்களுக்கு எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. எங்கிருந்தோ நீ இதைப் படிப்பாய் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் இந்தச் சண்டையை உன்னிடமிருந்துதான் தொடங்கவேண்டும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கட்டும்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சரவணன் சிறையில் இருக்கிறான். ஆவணியில் உள்ளே போனவன், ஐப்பசி மழை பிடித்துவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை. ஜாமீன் கிடைத்துவிட்டது. உன் தம்பி ஒரு கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வந்துவிடுவான். உன் தம்பி போடமாட்டேன் என்றார்.

எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்பாய். கவிதாவின் கல்யாணத்துக்காக. உன் தம்பி மகள் கல்யாணம், உன் பிறந்த ஊரில். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் நான் நம் நெரவி வீட்டில் இருந்தபோதுதான் மாமாவின் போன் வந்தது. சரவணன் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, சமையக்காரன், பந்தக்காரன், மேளக்காரன் எல்லாம் கேப்பானுவ. சம்பந்தி வீட்டு ஆளுங்க வேற. அங்கேருந்து நாலஞ்சு பெட்டி சரக்கு போட்டுக்கிட்டு வந்துரு. இங்க வாங்குனா கட்டுபடியாவாது."

"சரி மாமா."

"வேண்டாம்டா" என்றேன். அவன் சிரித்தான். "என்னக்கா, புதுசாவா? அங்க எந்தக் கல்யாணம் நம்ம ஊரு சரக்கு இல்லாம நடந்துச்சு? காலேஜ்ல பாடம் நடத்துறதை இங்க வந்தும் ஆரம்பிக்காத."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பூவத்தைத் தாண்டியதும் வருகிற அந்தப் பாலத்தை நாம் யாராவது எல்லை என்று நினைத்திருக்கிறோமா? நீ கல்யாணமாகி வந்ததும், பிரசவத்துக்குப் போனதும், தீபாவளிச் சீர் வந்ததும் அந்தப் பாலத்தின் மேல்தான். இந்தப்பக்கம் பாண்டிச்சேரிக் கடையில் பில் போட்டு வாங்கிய பாட்டில், பாலத்தைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் போனால் கடத்தல் சரக்கு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் சட்டமும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சரவணனும் நினைத்தான். வண்டியில் சீர்ப் பாத்திரங்கள், அவற்றின் அடியில் பெட்டிகள். சோதனைச் சாவடியில் அன்று ஒதுங்கி நிற்க யாரும் தயாராக இல்லை.

யாருக்காகக் கொண்டுபோகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடிந்தால் முகூர்த்தம், மாமாவை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால் கல்யாணம் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறான். நான் பதறிப்போய் மாமாவுக்குப் போன் செய்தேன். உன் தம்பி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எம் பேரு எதுவும் சொல்லலயே?"

சொல்லவில்லை என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்ததாம்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பயம் என்று விட்டிருப்பேன். அதன்பிறகு ஊர் முழுக்க அவர் சொன்ன கதையைக் கேள்: "அவன் ரொம்ப நாளா ஏவாரம் பண்ணியிருக்கான். எங்க அக்கா போனதும் கேக்க ஆளில்லாம கெட்டுப்போயிட்டான்." உன்னையும் சேர்த்துச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார், அம்மா.

வாராவாரம் நான் மனுப் பார்க்கப் போகிறேன். சிறையில் இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கு அங்கே அதுதான் பெயர். ரத்த உறவு மட்டும்தான் பார்க்கலாம் என்றார்கள். அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அப்பாவும் இல்லை, நீயும் இல்லை. ஆக, நான் ஒருத்திதான்.

முதல் தடவை போனபோது வாசலில் இருந்த காவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரு நீ? பொண்டாட்டியா?"

"அக்கா."

"ஆதார்ல பாண்டிச்சேரின்னு போட்டுருக்கு? ம்... என்ன வேலை பாக்குற?"

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன் என்றதும், "உக்காருங்க மேடம், வெயில்ல நிக்காதீங்க" என்று நாற்காலி வந்தது. எனக்கு முன்னால், கைக்குழந்தையோடு ஒரு பெண் தன் புருஷனைப் பார்க்க நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு "ஏய், தள்ளி நில்லு." நாற்காலியை அவளிடம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை. "நீங்க உக்காருங்க, நான் உக்காந்தா அந்த ஐயாவுக்குக் கோவம் வரும்" என்றாள். உள்ளே இருக்கிறவனுக்குத்தானே தண்டனை? அதுவும் சரவணனுக்கும் அவள் புருஷனுக்கும் இன்னும் தீர்ப்பே வரவில்லை. வெளியே நிற்கிற அவள் என்ன குற்றம் செய்தாள்?

இரண்டு கம்பி வலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. அந்தப்பக்கம் பத்துப் பேர், இந்தப்பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தவேண்டும். நான் அதிகம் பேசாதவள் என்று உனக்குத் தெரியும். அங்கே போய்க் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் கத்துகிறேன். முதல் வாரங்களில் வழக்கைப் பற்றியே கத்தினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவனுக்கு வேண்டியது வழக்கு அல்ல.

"அக்கா, வயல்ல தண்ணி நிக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் தருமபுரத்தில் இருக்கிறவளுக்கு நெரவி வயலில் தண்ணீர் நிற்பது எப்படித் தெரியும்? அதிலிருந்து, மனுவுக்கு முன்தினம் நெரவிக்குப் போய் வரப்பில் நடந்து பார்த்துவிட்டு வருகிறேன். போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் படம் காட்ட முடியாது. ஒருநாள் ஒரு பயிரைப் பிடுங்கிப் பையில் வைத்து எடுத்துப் போனேன்.

"என்ன மேடம் இது?"

"நெற்பயிர்."

"இதெல்லாம் உள்ள குடுக்கக்கூடாது."

"குடுக்கல. காட்டப்போறேன். காட்டக்கூடாதுன்னு எதுல எழுதியிருக்கு?"

காவலர் விட்டுவிட்டார். வலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சரவணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "வேரு கறுத்துருக்கே. தண்ணிய வடிச்சு வுடச் சொல்லுக்கா!" பக்கத்தில் நின்றவனும் எட்டிப் பார்த்து, "ஆமாங்க, வடிச்சு வுடுங்க" என்று கத்தினான். உள்ளே போனதிலிருந்து என் தம்பி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது ஜாமீன் கதைக்கு வருகிறேன். இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். இருவரும் அந்தப்பக்கத்துக்காரர்களாக இருக்கவேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்கவேண்டும். என் வீட்டுப் பத்திரத்தையும் சம்பளச் சான்றிதழையும் நீட்டினேன். "நீங்க பாண்டிச்சேரி, மேடம். இங்க செல்லாது" என்றார் வக்கீல். அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிற எத்தனையோ கிராமங்களைவிட என் வீடு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. மாநிலம் வேறு என்பதால் நான் அவனுக்கு அக்கா இல்லை என்று ஆகிவிடுமா? மனுப் பார்க்க மட்டும் செல்லுகிற ரத்தம், பிணைக்குச் செல்லாதா?

ஒருவர் உடனே சம்மதித்தார். அறுவடைக் காலத்தில் சரவணனோடு மிஷின் ஓட்டுகிற நண்பர். ரத்த உறவுக்கு அந்தப்பக்கம் உன் தம்பியைத் தவிர யார் இருக்கிறார்கள்?

போனில் கேட்டேன். "சொத்துல வில்லங்கம் வந்துரும் ஆயி. இப்பத்தான் பொண்ணைக் கட்டிக் குடுத்துருக்கேன். மருமவன் வீட்ல என்ன நெனைப்பாங்க?" அதற்குப்பிறகு என் எண்ணைப் பார்த்தால் எடுப்பதில்லை.

"எந்தம்பி இருக்கான், ஒங்களுக்கென்ன கொறை?" இதை வாழ்நாளெல்லாம் சொன்னாய். மாமா மடியில் உட்கார்ந்து சரவணன் காது குத்திக்கொண்ட கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய்! சபையில் மடி கொடுத்த மனிதர், சிறைவாசலுக்கு முதுகைக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர், அம்மா? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அழுதிருப்பாயா, உன் தம்பிக்கே பரிந்து பேசியிருப்பாயா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நான் ஒன்று செய்தேன். நீ போய் வருஷம் திரும்பவில்லை, நமக்கு இந்தத் தீபாவளி இல்லை. கவிதாவுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை வந்திருப்பார், அவரைப் பெற்றவர்கள் வந்திருப்பார்கள், மாமா வீட்டில் இருந்தே ஆகவேண்டும். உன்னுடைய பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்த்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், ஒரு வேட்டி, துண்டு. தாய்மாமனை விசேஷத்துக்கு அழைக்க நீ என்னென்ன வைப்பாயோ அத்தனையும் வைத்தேன். சடங்குகளைக் கேலி செய்கிறவள் என்று என்னைத் திட்டுவாயே, நான்தான். பாலத்தைத் தாண்டிப் போய், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

"தாயி, நீங்க துக்க வீடு... இன்னைக்கு எதுக்கு..." என்று அத்தை தடுமாறினார்.

"மாமாவ மொறையா அழைக்க வந்தேன் அத்தை" என்று தாம்பாளத்தை மாமாவுக்கு முன்னால் நீட்டினேன். "மாமா, என் தம்பிக்கு வர்ற திங்கக்கெழமை ஜாமீன் கையெழுத்து. தாய்மாமனா வந்து நடத்திக் குடுங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்ன சுமதி இது?" என்றார் மாமா.

மாப்பிள்ளைதான் கேட்டார். "எந்தக் கேஸுங்க? சாராய ஏவாரம்னாங்களே, அவரா?"

"ஏவாரம் இல்லைங்க. உங்க கல்யாணத்துக்கு மாமா கேட்ட பெட்டி. போன்ல கேட்டப்ப நான் பக்கத்துல இருந்தேன்."

கவிதா பட்டுப்புடவையோடு எழுந்து நின்றாள். "அத்தாச்சி, நெசமாவா? அப்பா... அத்தான் நமக்காகவா உள்ள இருக்கு?"

மாமா யாரையும் பார்க்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார். என் கை வலிக்கத் தொடங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. அப்போது, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையும் நீண்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டன. மனதால் எடுத்த முடிவு போல எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தட்டுகளை வாங்கிப் பழகிய கை, தானாகச் செய்தது.

"தட்டு வாங்குனவன் வராம இருக்கமாட்டான்" என்று நீ சொல்வாய். நான் அப்படியெல்லாம் நம்புகிறவள் இல்லை. நாளை திங்கட்கிழமை. அவர் வந்தாலும் வரலாம், நெஞ்சுவலி என்று படுத்துக்கொண்டாலும் படுத்துக்கொள்ளலாம்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். அவர் வந்தால், நாளை சாயங்காலம் சரவணனை அந்தப் பாலத்தின் வழியாகவே கூட்டிவருவேன். வராவிட்டால், மறுபடியும் பயிரைப் பிடுங்கிக்கொண்டு அந்த வலைக்கு முன்னால் போய் நிற்பேன், அந்தக் கைக்குழந்தைக்காரிக்கும் ஒரு நாற்காலி கேட்டு வாங்குவேன். மாமாவின் பெயரைச் சொல்லவேண்டாம் என்று சரவணன் என்னிடம் சத்தியம் கேட்டிருந்தான். சபையிலேயே சொல்லிவிட்டேன். தெரிந்தால் ரொம்பக் கோபப்படுவான்.

படட்டும். நம் வீட்டில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுக் கோபப்படட்டும்.

உன் மூத்தவள்,
சரவணனுக்கு அக்கா,
சுமதி