கிறுகுற எஞ்சின்

மாமி, பக்கத்து வளவில் காலையிலிருந்து புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோலோடு ஒயில் சேர்ந்து எரியும் மணம் வீட்டுக்குள் வந்ததும் உங்கள் மகள் ஜன்னலைச் சாத்தப் போனாள். கிடக்கட்டும் என்றேன். "உம்மாட ஞாபகமா?" என்று கேட்டுச் சிரித்தாள். மற்றவர்களுக்கு அத்தரோ சந்தனமோ மாமியாரை நினைவூட்டும். எனக்கு எரிந்த ஒயில். அதற்கு நானேதான் பொறுப்பு.

உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகு வருடக்கணக்கில் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை, மருமகனுக்கு முன்னால் வராத அந்தக் காலத்து வெட்கம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை, ஊர் வழக்கம் சொன்னது. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புவீர்கள். அவள் இல்லாவிட்டால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று முற்றத்து ஆட்டிடம் சொல்வீர்கள். "ஆடே, சோறு ஆறுது, கையக் கழுவிட்டு வரச் சொல்லு." ஆடும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில் எங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராகச் சவூதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் பாஸ்போட்டும் கொழும்பில் ஏஜென்சிக்காரரிடம் கிடந்தது. சம்மாந்துறையில் உழவு மெஷின் திருத்தி அன்றாடம் சாப்பிடலாம், பிள்ளை வளர்க்க முடியாது என்று பட்டது. அந்த நேரத்தில்தான் இரண்டு கதவு வைத்த அந்த ஜப்பான் கார் என் கைக்கு வந்தது. யாரோ அதன் சொந்த எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் கட்டிப் பின்பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒரு பழைய வேன் எஞ்சினை மாட்டியிருந்தார். ஓடும். ஆனால் அந்த இருமலையும் இழுப்பையும் கேட்டால் எந்த மாப்பிள்ளை அதில் ஏறி நிக்காஹுக்குப் போவான்? எனக்கோ அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் மாப்பிள்ளைக் காராக்க ஆசை. விசா வருவதற்குள் சொந்த எஞ்சினில் ஓடினால் ஊரில் இருப்பேன், ஓடாவிட்டால் போவேன் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். மாமா மவுத்தாகி, ஆண்பிள்ளையும் இல்லாத வீடு. திரைச்சீலை அசைந்ததை நான் கண்டேன்.

மாமரக் கிளையில் சங்கிலி கட்டி வேன் எஞ்சினை இறக்கியபோது ஆட்டுக்குச் செய்தி வந்தது. "ஓடுற எஞ்சினக் கழட்டிப்போட்டு ஓடாத எஞ்சினப் பூட்டுற மனிசன இப்பதான் காணுறன்." எனக்கு மூக்கில் கோபம் வந்தது. ஆனாலும் நீங்கள் சொன்னது சரிதான்.

சாக்கை அவிழ்த்தால் உள்ளே பிஸ்டனே கிடையாது. முக்கோண இரும்பு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கூட்டுக்குள் சுழல வேண்டும். உங்கள் மகள் அதைச் சமூசா என்றாள். நான் விளக்கியதை அவள் உள்ளே வந்து சொல்ல, நீங்கள் ஒரே சொல்லில் முடித்தீர்கள்: "அப்ப இது கிறுகுற எஞ்சின்." திரும்புவதும் சுழல்வதும் நமக்கு ஒரே கிறுகல்தானே. அன்றிலிருந்து தெருவில் அதற்கு அதுவே பெயர்.

அது கிறுகத்தான் மறுத்தது. முனைகளில் இருந்த தகடுகள் கரியில் இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரம்புச் சீவலால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். முன்பு யாரோ ரேடியேட்டரில் கடற்கரைக் கிணற்று உவர்த்தண்ணீரை ஊற்றி ஓட்டியதில் தண்ணீர் காக்கும் ரப்பர் வளையங்கள் இற்றுப்போயிருந்தன. கொழும்புக்குப் போன ஒரு கூட்டாளி புது வளையங்கள் கொண்டுவந்தான். எஞ்சினைக் காரில் ஏற்றிப் பூட்டி முடித்த அன்று, வாசலில் மூடி போட்ட குடம் ஒன்று இருந்தது. பள்ளிவாசல் கிணற்று நல்ல தண்ணீர், உவர்ப்பில்லாதது. யார் வைத்தது என்று ஆடுகூடச் சொல்லவில்லை.

ஸ்டார்ட் எடுத்த பகலில் எல்லாம் பிழையாய்ப் போனது. பெற்றோல் கூடிப்போய் பிளக் நனைந்தது. சுற்றிச் சுற்றி பெற்றரியும் செத்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, துவாரத்தில் கொஞ்சம் ஒயில் விட்டுப் பூட்டினேன். இனித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். தள்ள ஆளில்லை, ஆண்களெல்லாம் வயலில் சூடடிக்கப் போயிருந்தார்கள். விசா வந்துவிட்டதாக அதற்கு முந்தின நாள்தான் தகவல் கிடைத்திருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

கார் அசைந்தது. கண்ணாடியில் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், நடுவில் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நீங்கள். நான் பதறிக் கதவைத் திறக்கப் போனேன்.

"கிறுகிப் பாக்காம ஓட்டுங்க மகன்! நாங்க தள்ளுறம்!"

அதுதான் நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், பிறகு தெருவே தெரியாத அளவுக்குப் புகை. அந்தப் புகைக்குள் எஞ்சின் ஒரே சீராக இரைந்தது. பின்னால் நீங்கள் மூவரும் இருமிக்கொண்டே சிரித்தது கேட்டது. நான் திரும்பவில்லை, மாமி. பயத்தில் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் மறுபடியும் திரைச்சீலைக்குப் பின்னால். "ஆடே, இந்த மனிசனுக்கு இண்டைக்காவது பசிக்குதா எண்டு கேளு." அடுத்த கிழமை கொழும்புக்குப் போய்ப் பாஸ்போட்டை வாங்கி வந்தேன். அந்தக் காரில் எத்தனையோ மாப்பிள்ளைகள் போனார்கள். பிறகு யுத்தம் வந்து பாதைகள் மூடின, பெற்றோல் இல்லாமல் போனது, கிறுகுற எஞ்சினும் ஓய்ந்தது. பழைய தொழிலோடு நான் ஊரிலேயே இருந்தேன். சவூதிக்குப் போனவர்கள் மாடி வீடு கட்டியதைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் எரிந்ததுண்டு. உங்களுக்குத் தெரியாததில்லை.

நீங்கள் மவுத்தான அன்றுதான் அந்த எரிச்சல் அணைந்தது. தெருவில் பாதி ஆண்கள் அக்கரையில். கப்ருக் குழிக்குள் இறங்குவதற்கு உரிய ஆண் யார் என்று புதிதாக வந்திருந்த மோதினார் கேட்டார். இறங்கி நின்று இரண்டு கையையும் நீட்டினேன். நீங்கள் இவ்வளவு பாரமில்லாதவர் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அந்தப் பாரம் இன்னும் என் கைகளில்தான் இருக்கிறது.

"நீங்க மையித்துக்கு என்ன முறை?" என்று மோதினார் கேட்டார்.

"மகன்" என்றேன்.