சாவி கிடைத்தால் வரும் மெட்டு

தங்கச்சிக்கு,

உன் மகள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்ததை நான் மறக்கவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நான் வழி தவறிவிட்டேனாம். அன்றிலிருந்து மகன் என்னை அறையில் பூட்டிவிட்டுத்தான் தறிக்குப் போகிறான். கதவுக்கு வெளியே பேத்தி, துபாயிலிருந்து வந்த வீடியோ கேமில் விளையாடுகிறாள். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது.

"இன்னாடி அது?" என்று கேட்டேன்.

"பொம்மைக்குச் சாவி கெடச்சா அந்த மெட்டுதான் வரும், ஆயா. ஒடனே கதவு தொறந்துக்கும்."

இன்று பதினாறு தரம் வந்தது. பதினாறு தரமும் என் கதவைப் பார்த்தேன்.

நான் வழி தவறவில்லை. மணவூருக்கு, உன்னிடம் வரத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

சாவி வெளியே ஆணியில் தொங்குகிறது. பேத்திக்கு எட்டாது. நீ அப்போதே நெட்டைக்கொக்கு, உனக்கு எட்டும்.

உன் அக்காள்